ஏகாம்பரம் பார்க்காத பாரோமீட்டர்

ஏகாம்பரம் இறந்த செய்தி மூன்றாம் நாள்தான் எனக்கு வந்தது. வானகரத்திலிருந்து அவர் மைத்துனர் சைக்கிளில் வந்து சொன்னார். போர்க்காலத்தில் ஆவடிப் பக்கத்து விமானத் திடலின் வானிலைப் பிரிவில் எங்களோடு வேலை பார்த்த நண்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றி நீங்கள் நம்பிவந்தது பொய்.

நம்மூரில் காற்றழுத்தம் காலை பத்து மணிவரை ஏறும், பிற்பகல் நான்குவரை இறங்கும். அந்தக் கணக்கு மனப்பாடமாகிவிட்டதால் நம்மில் பலர் அழுத்தம் காட்டும் பாரோமீட்டரைப் பார்க்காமலே எழுதிவிடுவோம். நம் மேற்பார்வையாளரான அவர் மட்டும் குனிந்து பார்த்துத்தான் எழுதுவார். கேலி செய்தால், "மேல பறந்துகினு கீறவன் நம்ம கண்ணாலதாம்பா கீழ பாக்கறான்" என்பார்.

அந்த ஐப்பசியில் புயல் நெருங்கிய நாள், இரண்டு மணிக்கு என் முறை. வழக்கமான எண்ணை எழுதி நீட்டினேன். ஏகாம்பரம் என்னை நம்பி அதை வயர்லெஸ்ஸில் விமானிக்குச் சொன்னார். உயரமானியும் காற்றழுத்தத்தைத்தான் அளக்கிறது. நாம் சொல்லும் எண்ணுக்குத்தான் விமானி அதைத் திருப்பி வைப்பார். அழுத்தம் விழுந்திருக்க நான் கூட்டி எழுதியதால், தாழ்ந்து வந்த விமானத்துக்கு அது இருந்ததைவிட அதிக உயரம் காட்டியது. மேகத்திலிருந்து வெளிவந்த விமானம் அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பனைகளில் மோதியது. விமானிக்கு ஒரு கால் போயிற்று.

விசாரணையில் நான் வாய் திறக்குமுன், தானே பார்க்காமல் எழுதியதாக ஏகாம்பரம் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும், "எனக்கு ரெண்டு திட்டு உழும், அவ்ளோதான். நீ புதுசு, ஊட்டுக்கே அனுப்பிடுவான்" என்றார். ஒரு வாரத்தில் அவரைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதாவது நான் பேசியிருக்கலாம். மேசையிலிருந்த தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும்போது என்னை ஒருமுறை பார்த்தார். நான் தாளில் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

காரியத்தன்று அவர் மனைவி, "மெய்யாலுமே அவரு பாக்காமத்தான் எழுதினாரா, அண்ணாத்தே?" என்று கேட்டார். அதையெல்லாம் இப்போது எதற்கம்மா என்று மழுப்பிவிட்டு வந்தேன். வெட்கம் தாங்காமல் அன்றே மேலே உள்ளதை எழுதி, மறுநாள் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். "இத அவரு இருக்கச்சொல்ல வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.

அவரை அனுப்பியதால் காலியாகி, பின்னாளில் எனக்குக் கிடைத்த மேற்பார்வையாளர் வேலையும், கவனமான ஆள் என்று நீங்கள் எனக்குத் தந்த பெயரும்தான் ஏகாம்பரத்துடையவையாக என்னிடம் இருப்பவை.