தேய்த்துக் கழுவிய பாறை

நான் லைக்கன் ஆராய்ச்சி செய்பவள். இதைச் சொன்னதும் அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம் என்பதால் பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ அழுக்கு என்று நினைத்திருப்பீர்கள். அது உயிர். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பிரியாணியில் போடும் கல்பாசியும் இந்த வகைதான். அதனால் கல்லூரியில் எங்கள் துறைத் தலைவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிரியாணிக்கு எப்போது கொண்டுவருவீர்கள் என்று கேட்பார். இந்த ஒரே ஜோக்கை வைத்துக்கொண்டு மனிதர் இத்தனை வருடம் எப்படித்தான் காலம் தள்ளினாரோ தெரியவில்லை.

விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் ஜோக்கெல்லாம் கிடையாது. “பாறையில பாசி வளத்துக்கினு திரியற நேரத்துல வவுத்துல ஒண்ணு வளத்திருக்கலாம்” என்று மாமியார் விருந்தாளிகளை வைத்துக்கொண்டே சொன்னார். என் கணவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே ஒரு பாறை எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. திண்டிவனம் பஸ் பிடித்து, கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம் போனால் நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு வேப்பமரமும் அதன் பக்கத்தில் இடுப்புயரப் பாறையும் இருக்கும். அதன் வடக்குப் பக்கத்தில் ஒரு லைக்கன் வட்டம். உள்ளங்கையளவில் இருந்தபோது கண்டுபிடித்தேன். ஒரு வருடத்துக்கு என் நகத்தின் விளிம்பளவுகூட வளராது. கண்ணாடித்தாளை மேலே வைத்து அதன் ஓரத்தை வரைந்து, முந்தைய வருடத்து ஓரத்தோடு ஒப்பிடுவதுதான் என் வேலை. இந்தப் பக்கத்து வெயிலில் ஒரு லைக்கன் எப்படி வளர்கிறது என்று யாரும் இவ்வளவு காலம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. இந்த வருடத்து அளவையும் எடுத்துவிட்டால் என் ஆய்வு முடிந்துவிடும். என் வாழ்க்கையில் நான் செய்ததாகக் காட்ட அது ஒன்றுதான் இருந்தது.

பாறைக்கு அருகில் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவேன். செருப்பில் ஒட்டிய மணல் உரசினால் ஓரம் பெயர்ந்துவிடும். பிறகு பாட்டிலிலிருந்து தண்ணீர் தெளிப்பேன். காய்ந்து சாம்பலாகக் கிடப்பது நனைந்ததும் பச்சையாக மாறும். உயிரோடு இருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்புறம் மண்டியிட்டு, நெற்றி பாறையில் படுமளவுக்குக் குனிந்து, லென்ஸை வைத்துப் பார்ப்பேன். எழுந்திருக்க நேரமாகும்.

பக்கத்துக் கொல்லையில் களையெடுக்கும் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னைவிட இளையவள், கல்யாணமாகிப் பல வருடம் ஆனவள். ஒருநாள் வந்து எனக்கு எத்தனை குழந்தைகள் என்று கேட்டாள். இல்லை என்றேன். எனக்கும் இல்லை என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இங்கே வருவது வேண்டுதலா என்று கேட்டாள். பூஞ்சை, பாசி, குடித்தனம் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குச் சலிப்பாக இருந்தது. துறைத் தலைவருக்கே விளங்காததை இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று, ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவைத்தேன். அதோடு தொல்லை விட்டது, நிம்மதியாக அளவெடுத்தேன்.

இந்தக் கோடையில் விடைத்தாள் திருத்தும் வேலை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து என்னை நகரவிடவில்லை. முதல் மழை பெய்த பிறகுதான் போனேன்.

பாறை பளபளவென்று இருந்தது. தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு அடிவரை தேய்த்திருந்தார்கள். மேலே எண்ணெய், அதற்கு மேல் மஞ்சள், நடுவில் குங்குமம், வெள்ளியில் இரண்டு கண். வேப்பமரத்துக் கிளையில் மஞ்சள் துணியில் குட்டித் தொட்டில்கள் தொங்கின. வடக்குப் பக்கத்தில் கையை வைத்துத் தடவினேன். பிசுக்குதான் கையில் வந்தது. ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நீங்க தண்ணி தெளிச்சா சாமி கண்ணு முழிச்சி பச்சையா பாக்கும்க்கா, நான் எத்தினி வாட்டி பாத்திருக்கேன். இப்பிடி அழுக்கு புடிச்சி கெடக்குதேன்னு நாந்தான் கழுவி வுட்டு பாலு ஊத்தினேன். ரெண்டு மாசமா நாள் தள்ளிப்போச்சிக்கா. ஒங்க பேருக்கும் ஒரு தொட்டில் கட்டியிருக்கேன், பாருங்க.”

கிளையில் அதைக் காட்டினாள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாகவே கட்டியிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி லைக்கனுக்காக. மீதி பொறாமை, அதையும் மறைக்க விரும்பவில்லை. நான் பெற்று வளர்த்ததுபோல் காத்ததைத் தேய்த்து எடுத்துவிட்டு இவள் வயிற்றை நிரப்பிக்கொண்டாள் என்று தோன்றியது. படித்த மூளைக்கு இது அபத்தம் என்று தெரியும். தெரிந்தும் தோன்றியது.

“இங்க சாமியே கெடையாது. அழுக்குன்னு தேய்ச்சியே, அது ஒரு உயிரு. நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து இந்தப் பாறையில இருந்துச்சி. அத நீதான் கொன்ன” என்றேன். சத்தம் போடவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும் குரலில், ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னேன்.

அவளுக்குப் புரிந்தது. நான் சொன்னதை இதுவரை யாரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. சிரிப்பு போய்விட்டது. பாறையைப் பார்த்தாள். சேற்றுக் கையை வயிற்றின் மேல் வைத்தாள்.

“தெரியாம பண்ணிட்டேன்க்கா. அந்தப் பாவம் இதுக்கு வந்து சேருமாக்கா?”

சேராது என்ற ஒற்றைச் சொல்லுக்காக அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன்.