குளோரின் அக்கா வெந்நீர் ஊற்றுக்குப் போன கதை

பொது நீச்சல் குளத்தில் பத்தொன்பது வருடமாகத் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு, அங்கே வந்து போகிறவர்கள் வைத்த பெயர் குளோரின் அக்கா. பெயர் வைத்தவர்கள் மேல் தப்பில்லை. சோப்புத் தேய்த்துக் குளித்து, உடை மாற்றி, தலையைத் துவட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாலும் அந்த நெடி அவள் பின்னாலேயே வரும். அவள் மூக்குக்கு மட்டும் அது நெடியாகப் பட்டதே இல்லை.

அவளுடைய நாள் வடிகட்டிக் கூடையில் தொடங்கும். காலை ஐந்தரைக்குப் பம்பு அறையைத் திறந்து, கூடையை வெளியே எடுத்துத் தட்டினால், முந்தின நாள் குளித்தவர்கள் விட்டுப்போனதெல்லாம் ஒரே கட்டியாக விழும். முடி, ஊறிப்போன பிளாஸ்திரி, நகத்துண்டு, ஒருமுறை யாருடையதோ பல் செட். கையுறை போட்டுத்தான் எடுப்பாள். பத்தொன்பது வருடத்தில் பழகிவிட்டதா என்றால் இல்லை. தினமும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். தினமும் எடுப்பாள். அதன்பின் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டு, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் சரியாக வந்தால்தான் வாசல் கதவைத் திறப்பாள்.

அவள் அந்தக் குளத்தில் இறங்கியதில்லை. யாராவது கேட்டால், "உள்ள என்ன கெடக்குன்னு தெரிஞ்சவ எப்படிங்க எறங்குவா?" என்பாள்.

இப்படிப்பட்டவளைத்தான் அவளுடைய கொழுந்தன் மலைமேல் இருக்கும் வெந்நீர் ஊற்றுக்குக் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். சனி, ஞாயிறு வந்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு எங்காவது காட்டுக்குள் போய்விடுவான்.

"அண்ணி, பூமிக்குள்ள இருந்து சூடா வர்ற தண்ணி. மனுஷன் கை படாத எடம். அண்ணனுக்கு அந்த இடுப்பு வலி ஒரே முழுக்குல போயிடும். சனிக்கிழமை காலைல கெளம்புனா, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வீட்டுல இருக்கலாம்."

கணவர் லாரி ஓட்டுகிறவர். இருபத்தைந்து வருடம் ஸ்டியரிங் பிடித்ததில் இடுப்பு மரக்கட்டையாகிவிட்டிருந்தது. பார்க்காத வைத்தியம் இல்லை. அவர் தம்பி பேச்சைக் கேட்டுக் குழந்தை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ வரலைன்னா நானும் போகல" என்றார்.

அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்? சரி என்றாள். மனுஷன் கை படாத இடம் என்ற வார்த்தையும் அவளைக் கொஞ்சம் அசைத்திருந்தது. உண்மையைச் சொன்னால், ஆசை வந்துவிட்டது.

நாலாவது ஆளாக வந்தவர் கொழுந்தனின் நண்பர், ஒரு வங்கி மேலாளர். நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பேச்சு. மலையடிவாரத்தில் வேனை விட்டு இறங்கியதுமே அவள் என்ன வேலை செய்கிறாள் என்று விசாரித்தார்.

"ஓ, குளோரினா? அது விஷம்ங்க. உங்க குளத்துல ஒரு மணி நேரம் இருந்தா தோலே உரிஞ்சிடும். இன்னைக்குப் பாருங்க, கெமிக்கலே இல்லாத தண்ணி எப்படி இருக்கும்னு."

"விஷம் போடலைன்னா, அந்தத் தண்ணியில வேற என்னென்னமோ இருக்கும் சார்" என்றாள் அவள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்து மணி நேரம் ஏறினார்கள். முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு வழி ஈரக்காட்டுக்குள் நுழைந்தது. அட்டைகள் காலுறையைத் தாண்டி உள்ளே போய், அவள் கெண்டைக்காலில் திராட்சை மாதிரி தொங்கின. உப்பைத் தூவியதும் ஒவ்வொன்றும் சுருண்டு, அவளுடைய ரத்தத்தையே கக்கிக்கொண்டு விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

அட்டைகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். மேலாளரைத்தான் முடியவில்லை. எல்லோருக்கும் பொதுவான தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து வாயில் கவ்விக் குடித்தார். மூக்கைச் சிந்தி, அதே கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்து, "சாப்பிடுங்கம்மா, தெம்பா இருக்கும்" என்று அவளிடம் நீட்டினார். பாதையோரம் எங்கே நின்றாலும் காறித் துப்பினார். துப்பிவிட்டு, "அடடா, என்ன சுத்தமான காத்து!" என்று பெருமூச்சு விட்டார். அவள் அன்றைக்கெல்லாம் தண்ணீர் குடிக்கவில்லை. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டட்டும் என்று இருந்துவிட்டாள்.

மூன்று மணி வாக்கில் ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் அது தெரிந்தது. அழுகின முட்டை நாற்றம்.

"அது கந்தகம் அண்ணி. மருந்து" என்றான் கொழுந்தன்.

நாற்றத்தில் பாதிதான் கந்தகம். மீதிப் பாதி எது என்று பாறையைச் சுற்றித் திரும்பியதும் தெரிந்தது. மேலே ஒரு பிளவிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்து, பக்கத்து ஓடைத் தண்ணீரோடு கலந்து, இடுப்பளவு ஆழத்தில் ஒரு குட்டையாகத் தேங்கியிருந்தது. அதில் இருபது பேருக்குமேல் கழுத்து வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குதிகாலைக் கல்லில் தேய்த்துத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோல் வெள்ளை வெள்ளையாக மிதந்து, பக்கத்தில் கண்மூடிக் கிடந்த பெண்ணின் தாடையில் போய் ஒட்டியது. கிளைகளில் ஈர உள்ளாடைகள். கரை நெடுக ஷாம்பு உறைகள், முட்டை ஓடுகள், யாரோ பிளவு நீரில் வேகவைத்துத் தின்ற நூடுல்ஸின் மிச்சம். கல் இடுக்கில், ஊதிப் பெருத்து வெடிக்கப் போவதுபோல், ஒரு குழந்தையின் டயபர். தண்ணீருக்குமேல் எண்ணெய்ப் படலம் ஏழு நிறத்தில் மின்னியது.

"எவ்வளவு அழகு!" என்றார் மேலாளர், அந்த நிறத்தைப் பார்த்து.

அவளுக்கு நெஞ்சுவரை ஏதோ ஏறி வந்தது. புதர்ப் பக்கம் போய்க் குனிந்து நின்றாள். வெறும் வயிறு, ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது கணவர் உள்ளே இருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் குடும்பம் நடத்திய மனிதர், ஊரார் அழுக்கில் செய்த அந்தக் கஷாயத்துக்குள் கழுத்துவரை அமிழ்ந்து, கண் சொருகி, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எறங்கிப் பாரேன்! இடுப்பு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு!"

"வாய மூடிக்கிட்டுக் குளிங்க. உள்ள போயிடப் போவுது."

அவரிடம் வேறு பேசவில்லை. ஆனால் தொழில் சும்மா இருக்க விடுமா? மணிக்கட்டை நனைத்துச் சூடு பார்த்தவள், துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கப் போன மேலாளரிடம் சொன்னாள்: "சார், இந்தச் சூட்டுல இருபது நிமிஷத்துக்கு மேல உட்காராதீங்க. தலை சுத்தும். தனியா எறங்கவே எறங்காதீங்க."

"இது உங்க குளம் இல்லம்மா, விசில் அடிக்கிறதுக்கு" என்று சிரித்தார் அவர். குட்டையிலிருந்த நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

இருட்டுவதற்குள் கொஞ்சம் தள்ளிக் கூடாரம் அடித்தார்கள். கணவர் மேலெல்லாம் முட்டை நாற்றம். அவள் கூடாரத் துணியோடு முகத்தை ஒட்டிவைத்து, அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் முதலில் எழுந்தது அவள்தான். ஓடையின் மேல்பக்கம் போய் முகம் கழுவலாம் என்று நடந்தாள். வழி குட்டையை ஒட்டித்தான் போயிற்று. மற்ற கூடாரங்களில் அசைவில்லை. கரையில் மேலாளரின் செருப்பு, துண்டு, பக்கத்தில் காலியான ஒரு சின்ன மது பாட்டில். தண்ணீர்மேல் கொத்தாக முடி மிதந்தது.

கூடையில் தினமும் பார்க்கிற முடிதானே என்று முதலில் நினைத்தாள். 'இங்கேயுமா' என்று முகத்தைச் சுளித்தாள். அடுத்த நொடியில் அந்த முடிக்குக் கீழே ஒரு காது தெரிந்தது.

யோசித்து இறங்கினாள் என்று பிற்பாடு சொன்னவர்கள் யாரும் அங்கே இல்லை. அவள் யோசிக்கவில்லை. இறங்கிய பிறகுதான் உடம்பு யோசித்தது. கால் வைத்த இடத்தில் கல் இல்லை, கொழகொழவென்று சேறு. அது விரலிடுக்குகளில் பிதுங்கி மேலே வந்தது. ஏதோ ஒன்று கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. துணியா, டயபரா, பார்க்கவில்லை. சூடான தண்ணீர் இடுப்பைத் தொட்டபோது தோல் முழுவதும் கூசிச் சுருங்கியது. மேலாளரின் தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள். பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து, கத்திக்கொண்டே இழுத்தாள். தண்ணீரில் இறகாக வந்த உடம்பு, கரையில் மாவு மூட்டையாகக் கனத்தது. பாதியுடம்பு வெளியே வந்தபோது கணவர் ஓடிவந்து மீதியை இழுத்தார்.

நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம்.

வருடத்துக்கொரு முறை அவளுக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. அங்கே ஒரு ரப்பர் பொம்மை. ஒவ்வொருவரும் ஊதி முடித்ததும் ஸ்பிரிட்டில் துடைத்துக் கொடுப்பார்கள். பொம்மைக்கு வாய் நாறாது. இந்த வாயைத் திறந்ததும் மதுவும், கந்தகமும், நேற்றைய சாப்பாடும் சேர்ந்து குப்பென்று அடித்தது. உள்ளே நூடுல்ஸ் துண்டு. கையுறை இல்லை. விரலை விட்டு வழித்து எடுத்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டு, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினாள்.

ஒன்று, இரண்டு என்று ஐந்து முறை ஊதினாள். ஒவ்வொரு முறை வாயை எடுக்கும்போதும் அவளுக்குக் குமட்டியது. குமட்டலை விழுங்கிவிட்டு மறுபடி குனிந்தாள். நெஞ்சில் கைவைத்து அழுத்தினாள். மறுபடி ஊதினாள். எத்தனையாவது முறையோ, அவர் உடம்பு ஒரு தூக்குத் தூக்கி, உள்ளே இருந்த அத்தனையையும் அவள் கழுத்திலும் மார்பிலும் கொட்டியது. பிறகு இருமல். பிறகு மூச்சு.

அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, அவள் ஓடையின் மேல்பக்கம் போனாள். வாயைக் கொப்பளித்தாள். மணலெடுத்து நாக்கைத் தேய்த்தாள். ஐஸ் மாதிரி ஓடிய தண்ணீரில் உடுத்த துணியோடு உட்கார்ந்து, பல் கிட்டிக்கொள்ளும் வரைக்கும் எழவில்லை. அப்போதுதான் அழுதாள். அவர் பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அழுததாகக் கணவர் நினைத்துக்கொண்டார். அது அருவருப்பில் வந்த அழுகை.

கூடாரக் கம்புகளில் போர்வையைக் கட்டி, ஏழெட்டுப் பேர் முறைபோட்டு மேலாளரைக் கீழே சுமந்து போனார்கள். கொழுந்தன் வழி முழுக்க, "அண்ணி, நீங்க தெய்வம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். அவள் நின்று திரும்பினாள்.

"தம்பி, இன்னொரு தடவை சொன்னீங்க, இங்கயே உங்க மேல வாந்தி எடுத்துருவேன்."

ஆஸ்பத்திரியில் மேலாளரை மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதே மூன்றாம் நாள் குட்டையில் இறங்கிய எல்லோருக்கும் உடம்பில் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பியது. கணவருக்குக் கழுத்திலிருந்து குதிகால் வரை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே. கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவருக்கொருவர் களிம்பு தடவிக்கொண்டார்கள்.

"ஆனா இடுப்பு வலி கொஞ்சம் தேவலதான்" என்றார் கணவர், மெல்ல.

அவள் களிம்பைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். அவர் 'ஐயோ' என்றார்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில், குளத்துக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கசங்காத உடுப்பு. மேலாளரின் மனைவி என்று சொல்லிக்கொண்டு, பம்பு அறை வாசலில் தயங்கி நின்றாள். இவள் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வந்தவள் நன்றி சொல்லத் தொடங்கி, பாதியில் அழுது, மூக்கைத் துடைத்து, மறுபடி தொடங்கினாள். அப்புறம் சட்டென்று நிறுத்திவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? எங்க வீட்டுக்காரர் ராத்திரி பல்லே வெளக்க மாட்டார். முப்பது வருஷமா சொல்லிப் பார்த்துட்டேன். நானா இருந்தாக்கூட ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேன். உண்மையச் சொல்லுங்க, அருவருப்பா இல்லையா?"

எல்லோரும் தெய்வம் என்றார்கள், தைரியம் என்றார்கள். இதை மட்டும் யாரும் கேட்டிருக்கவில்லை. இவள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ரொம்பம்மா" என்றாள். "சொல்ல முடியாத அருவருப்பு. இப்பவும் சாப்பாட்டுத் தட்டு முன்னால உட்கார்ந்தா அந்த வாய்தான் ஞாபகம் வருது. நூடுல்ஸ் பக்கமே தலைவச்சுப் படுக்க முடியல."

"நூடுல்ஸா? வெளியில கண்டதையும் சாப்பிட மாட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போனாரே!"

முதலில் யார் சிரித்தது என்று இருவருக்கும் தெரியாது. பம்பு ஓடுகிற சத்தத்தையும் மீறிச் சிரித்தார்கள். வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கையைப் பிடிக்க நீட்டியவள், என்ன நினைத்தாளோ, பின்னுக்கு இழுத்து அங்கேயிருந்த குழாயில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மறுபடி நீட்டினாள்.

குளோரின் அக்கா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.