பனி கரையாத பன்னிரண்டு இடங்கள்

நினைவு மலர் என்றால் பிறந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டுமாம். சரி, அண்ணா பிறந்தது சாவகச்சேரியில். அங்கே நில அளவையாளராக இருந்தவர், சண்டை துரத்த ரொறன்ரோவுக்கு வந்து தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். மோர்னிங்சைட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியே குடியிருந்தார். ஏன் கலியாணம் செய்யவில்லை என்று கேட்டவர்களிடம், அளக்க இன்னும் காணி கிடக்கிறது என்பார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாததைச் சொல்லத்தான் எனக்கு அவசரம்.

அண்ணாவோடு வேலை செய்தவர் ரோஸ், இந்த நாட்டின் ஆதிக்குடிப் பெண். அவருடைய தமையனைச் சிறுவயதில் தாயிடமிருந்து பிரித்து, ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென்று நடத்திய விடுதிப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். பிள்ளை அங்கேயே இறந்துபோனது. எங்கே புதைத்தார்கள் என்று தாய்க்கு ஒருவரும் சொல்லவில்லை. எண்பது கடந்த அந்த அம்மா, கண்மூடுமுன் மகன் கிடக்கும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். பள்ளிக்கூடம் இடிபட்டு, நிலம் மேய்ச்சல் தரையாகியிருந்தது. இங்கே ஒன்றுமில்லை என்றுவிட்டார் நிலச் சொந்தக்காரர்.

இதைக் கேட்டபின் அண்ணாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“மாரியிலை தாழ்ந்த இடத்திலைதானே தங்கச்சி வெள்ளம் நிக்கும்? புதைச்ச மண் இறங்கியிருக்கும். பனியும் அங்கைதான் கடைசியாக் கரையும்” என்றார்.

அவருக்குக் கார் ஓடத் தெரியாது. பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை மூன்று மணித்தியாலம் ஓட வைத்தார். வழிநெடுக ஏசிக்கொண்டுதான் ஓடினேன்.

வேலியடியில் இறங்கிப் பார்த்தால், ஐயோ, அதை எப்படி எழுதுவேன்! நிலமெல்லாம் பழுப்புப் புல். நடுவிலே இரண்டு வரிசையில் பன்னிரண்டு வெள்ளைத் துண்டுகள், எல்லாம் ஒரே திசை பார்த்தபடி. அறுபது வயது மனுசன் வேலியால் ஏறிக் குதித்தார்! சத்தம்போட்டபடி வந்த நிலச் சொந்தக்காரர் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அண்ணா நாடாவால் அளந்தார், மறுமுனையை நான் பிடித்தேன். ஒன்றுகூட நாலடியைத் தாண்டவில்லை. நான் குளறி அழுதேன்.

“ஆட்டாமல் பிடி” என்றார் அண்ணா.

ஊரில் காணி உறுதிக்கு எழுதுவதுபோல ஒவ்வொன்றுக்கும் நான்கு எல்லையும் குறித்து, ‘உரியவர்’ என்று போட்டு இடம்விட்டு, படம் வரைந்தார். எங்களோடு வந்திருந்த ரோஸின் மாமன் அதே பள்ளிக்கூடத்தில் இருந்தவர், ரோஸின் தமையனுக்குக் குழி தோண்ட வைக்கப்பட்ட சிறுவர்களில் ஒருவர். வரிசை தெரிந்தபின்தான் அவருக்கு இடம் பிடிபட்டது, ஓரத்துப் பைன் மரத்திலிருந்து எண்ணி மூன்றாவதைக் காட்டினார். அண்ணா அதிலே முளை அடித்தார்.

அடுத்த கிழமை தாய் வந்தார். ஈரத் தரையில் குந்தியிருந்து பேசினார், பேசினார், இடையிடையே சிரித்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் பேசினால் அடி விழுந்த அவர்களுடைய சொந்த மொழியில். என்ன சொல்கிறார் என்று அண்ணா கேட்க, யார் யார் கலியாணம் முடித்தது, யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று வீட்டுப் புதினம் சொல்கிறார் என்றார் ரோஸ். அண்ணா படத்தை நீட்டினார். மூன்றாம் இடத்தில் தாயே பெயரை எழுதினார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேணும் போல இருந்தது.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து நாளும் அண்ணா மற்றப் பதினொன்றைப் பற்றியே விசாரித்தார்.

இறுதிக் கிரியைக்கு வந்தவர்கள், சமைத்துத் தந்தவர்கள், பிறம்ரனிலிருந்தும் ஒஷாவாவிலிருந்தும் ஓடி வந்த உறவுகள் எல்லோருக்கும் எங்கள் நன்றி. ரோஸும் தாயும் வந்தார்கள். தாய் பெட்டியில் கை வைத்து நெடுநேரம் பேசினார். அண்ணாவிடம் என்ன சொல்கிறார் என்று ரோஸைக் கேட்டேன்.

அண்ணாவிடம் இல்லையாம், தன் மகனிடமாம். உன்னைத் தேடி வந்த மனிதர் வருகிறார், வழியில் நின்று கூட்டிக்கொண்டு போ என்று.