ஈர வழியில் விழுந்த ஒயர்

என் மாமா மைக் செட் வைத்திருந்தார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கல்யாணமோ காதுகுத்தோ, அவருடைய ஆம்ப்ளிஃபயர் வந்து உட்கார்ந்தால்தான் வீட்டுக்குக் களை. அந்தப் பெட்டியைக் குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைப்பார். ஒயர் வாங்குவதில் மட்டும் மகா கஞ்சன். "ஒயர்ல இன்னா கீது? பொட்டி நல்லா இருந்தா போதும்" என்பார்.

அந்த ஆடியில் பெரியபாளையத்து அம்மன் கோயில் திருவிழாவுக்குச் செட் போட்டிருந்தார். எங்களுக்கும் அங்கே காரியம் இருந்தது. முந்தின வருஷம் எனக்கு அம்மை போட்டு, பிழைப்பேனா என்று ஆனபோது, வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றுவதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரைக்கும் ஒரு ஒலிபெருக்கிக் குழாய் வேண்டும் என்று கோயில்காரர்கள் கேட்டார்கள். மாமாவிடம் ஒயர் போதவில்லை. யார் வீட்டிலோ கழற்றிப்போட்ட, நூலுறை பிரிந்த பழைய ஒயரைக் கொண்டுவந்து ஒட்டுப்போட்டார். டேப்பும் தீர்ந்துபோக, ஒட்டின்மேல் கந்தைத் துணியைச் சுற்றினார். சுற்றும்போதே "யம்மாடி!" என்று துள்ளிவிழுந்தார்.

"பாட்டு ஓடச்சொல்லோ இத்த தொட்டா ஆள தூக்கிடும். பாட்டு நின்னுட்ச்சின்னா ஒண்ணும் பண்ணாது. கிட்ட வராத, இன்னா?"

பாட்டுக்குள் இப்படி ஒரு பிசாசு இருக்கும் என்று யார் கண்டது! அவரோ ஒயரை மூங்கிலில் உயரமாகக் கட்டிவிட்டு, பெட்டிக்குக் காவலாக என்னை உட்காரவைத்து, டீ குடிக்கப் போய்விட்டார்.

கூட்டம் நெருக்கியதில் மூங்கில் சாய்ந்தது. ஒயர் அவிழ்ந்து பெண்கள் சுற்றிவரும் வழியில் விழுந்தது. கந்தை விலகி, செம்புக்கம்பி பளபளத்தது. வழியெல்லாம் ஈரம். ஆற்றில் முழுகி, வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்தவர்களில் முன்னால் வந்தது அம்மா. கைகூப்பி, கண்ணைப் பாதி மூடியபடி.

"அம்மா, வராதம்மா!" என்று அலறினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. தலைக்குமேல் மாமாவின் குழாய் அம்மன் பாட்டை முழங்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தடுக்கவும் கூட்டம் வழிவிடாது. அப்போதுதான் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. இசைத்தட்டின்மேல் இருந்த ஊசிக்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். எல்லாக் குழாய்களும் கிறீச்சிட்டு அடங்கின. அம்மாவின் வெறுங்கால் ஒயரின்மேலேயே பதிந்து, கடந்து போனது.

மாமா கையை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார். "ஏண்டி, தட்டுல எதுக்குடி கை வெச்ச?"

வழியைக் காட்டினேன். அவர் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

அம்மா சுற்றிமுடித்து வந்ததும், அத்தனை பேர் முன்னால் அவள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வேப்பஞ்சேலைக்காரிகளை அம்மனாக எண்ணி எல்லாரும் விழுவதுதான்; ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "சாமியே கும்புடாதவனுக்கு இன்னா ஆச்சு?" என்று அப்பாதான் முணுமுணுத்தார்.

அம்மாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "நான் வரச்சொல்லோ பாட்டே நின்னுட்ச்சு பாத்தியாடா? ஆத்தா என் வேண்டுதல ஏத்துக்கினா!"

மாமா தலையாட்டியபடியே தேம்பினார். அவருக்கும் பக்தி வந்துவிட்டது என்று நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தன் அக்காவின் ஈரக் கால்களை அவர் ஏன் அவ்வளவு நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை.