அடுக்கி வைத்த வாக்குத்தத்தம்

என் கணவரை நான் முதன்முதலில் பார்த்தது ஆஸ்பத்திரி கிறிஸ்மஸ் விழாவில். ஐம்பதுகளின் கடைசி. சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். அவர் அதே ஊரில் ஒரு அச்சாபீஸில் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் அடித்துக்கொண்டிருந்தார். பாட்டும் நாடகமும் முடிந்ததும் சீட்டுக்கட்டோடு மேடை ஏறினார். கட்டை விசிறிபோல விரித்து, முன்வரிசையில் இருந்த என்னிடம் நீட்டி, "எது வேணும்னாலும் எடுங்க சிஸ்டர்" என்றார். எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு "ஆர்ட்டின் ராணி" என்றார். கூடமே கைதட்டியது. அடுத்த மாதம் அவருடைய அம்மா திருத்தங்கலிலிருந்து பெண் கேட்டு வந்தார். ஐம்பத்திரண்டு சீட்டில் ராணி என் கைக்கு வந்ததை ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொண்டு சரி என்றேன்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், என் மாமியார் தூங்கும் நேரம் பார்த்து என் கணவர் பாயில் சீட்டுகளைப் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டில் சீட்டு என்றால் என் மாமியாருக்குப் பிசாசின் புஸ்தகம். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றுக்கு அடுத்து ஆறு, ஆறுக்கு அடுத்து ஒன்பது, அதற்கு அடுத்து ராணி. இஸ்பேட், ஆர்ட்டின், கிளாவர், டைமன் என்று ஜாதியும் வரிசை மாறாமல் வந்தது. எத்தனை தடவை வெட்டி வைத்தாலும் அந்த வரிசை குலையாது. நாம் உருவிய இடத்துக்கு மேலே இருக்கும் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நம் கையில் இருப்பது என்ன என்று தெரிந்துவிடும். அதைவிட மோசம் இன்னொன்று. நம் கை நெருங்கும்போது கட்டைவிரலால் ஒரு சீட்டை மட்டும் துளி முன்னால் தள்ளுவார். நம் விரல் தானாக அதைத்தான் பிடிக்கும்.

"அன்னைக்கு ஆர்ட்டின் ராணியும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"பின்ன?" என்று சிரித்தார்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. ஒரு கட்டைவிரல் தள்ளித்தான் எனக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் அவர் எதைச் சொன்னாலும் ஒரு தடவை விசாரிப்பேன். பஸ் பஞ்சர் என்றால் அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பேன். இரண்டு வாழைப்பழம் நீட்டினால் என் பக்கம் இருப்பதை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துப் பழத்தை எடுப்பேன். அது அழுகல் என்று தெரிந்த பிறகும் விடாமல் தின்றிருக்கிறேன். அப்படி ஒரு வீம்பு.

மூன்றாவது வருஷம் டிசம்பரில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மதுரையில் ஒரு வருஷம் பிரசவப் பயிற்சி. ஒருவரைத்தான் அனுப்புவார்கள், என் பெயரை எழுதியிருந்தார்கள். பிரசவ வார்டில் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, அந்தக் கட்டிலருகில் நானே கையைக் கழுவிக்கொண்டு நிற்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. மாமியார் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை.

"ஊருப் பிள்ளைகளையெல்லாம் பிறக்க வைக்கப் போறியாக்கும்? இந்த வீட்ல ஒண்ணு பிறக்க வேண்டாமா?" என்றார். நான் அழுததும் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஏளா, நான் சொல்லல, கர்த்தரே சொல்லட்டும். புது வருஷத்துக்கு வாக்குத்தத்தம் எடுப்போமில்ல? போன்னு வந்தா போ. இருன்னு வந்தா இங்கனயே இரு."

எங்கள் சபையில் புது வருஷத்தன்று காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு அட்டை எடுப்போம். ஒரு பக்கம் ஒரு வசனம், மறுபக்கம் ரோஜாப்பூ. அந்த வருஷம் முழுக்க நமக்கு அதுதான் வாக்கு. நான் ஒப்புக்கொண்டேன். அட்டைகளை அடிப்பது என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சாபீஸ், அன்றைக்கு அவற்றை ஏந்தி நிற்கப்போவதும் அவர்தான் என்பது அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

மதுரைக்குப் போகட்டுமா என்று அவரிடம் கேட்டால், "உன் இஷ்டம்" என்பதோடு சரி. அம்மாவும் மகனும் மட்டும் அடுக்களையில் குசுகுசுவென்று பேசினார்கள். முப்பதாம் தேதி சாயங்காலம் டியூட்டி முடிந்து உள்ளே நுழைந்தேன். பாய் முழுக்க வாக்குத்தத்த அட்டைகள். ஒவ்வொன்றாகப் படித்துப் படித்து வைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் வாரிச் சேர்த்துவிட்டார்.

"என்னத்த அடுக்குறீக?"

"எம்புட்டு இருக்குன்னு எண்ணுதேன்."

எண்ணுகிறவர் எதற்குப் படித்துப் பார்த்து வைக்க வேண்டும்? என்னைப் போகவிடாமல் செய்ய அம்மாவும் மகனும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன்.

புது வருஷக் காலையில் வரிசையில் நின்றோம். நான் முன்னால், மாமியார் எனக்குப் பின்னால். என் கணவர் அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டாமல் கையில் விசிறிபோல விரித்து வைத்திருந்தார். என் முறை வந்தது. கை நீட்டினேன். நடுவில் ஒரே ஒரு அட்டை துளி முன்னால் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கிறிஸ்மஸ் மேடையில் சிரித்த அதே சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓரத்துக்குக் கையைக் கொண்டுபோய்க் கடைசி அட்டையை நகத்தால் கிள்ளி உருவினேன். அவர் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் பின்னால் வந்த மாமியார், துளி முன்னால் நீட்டிக்கொண்டிருந்த அந்த அட்டையையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் என் அட்டையைப் படித்தேன். பொறுமையாகக் காத்திருக்கச் சொல்லும் வசனம். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. தன் அட்டையின் ஓரத்தைப் பிடித்தபடியே என் முகத்துக்கு நேரே நீட்டி, "எனக்கு என்ன வந்திருக்கு, பாரு" என்றார். பார்த்தேன். புறப்பட்டுப் போகச் சொல்லி, துணைக்குக் கூடவே வருவதாக ஆண்டவர் சொல்லும் வசனம்.

எனக்காக அடுக்கியிருக்கிறார், நான்தான் தட்டிவிட்டேன். என் சந்தேகத்தை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள், "ஏன் முழிக்க? படி" என்றார் மாமியார்.

நான் மாற்றிப் படித்தேன். என் அட்டையில் இருந்ததை அவருக்கு வந்ததாகவும், அவருடையதை எனக்கு வந்ததாகவும். கோயில் வளாகத்தில், ஆண்டவருடைய வார்த்தையை வைத்துக்கொண்டு, எழுத்துத் தெரியாத ஒரு பொம்பளையை ஏமாற்றினேன். மாமியார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்குக் காத்திருக்கணும்னு வந்துருச்சு. சரி, காத்திருக்கேன். நீ போயிட்டு வா."

வீட்டுக்கு நடக்கும்போது என் கணவரிடம் மெதுவாகக் கேட்டேன். "எனக்காகத்தான் அடுக்கினீகளா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியாக்கும்?" என்றார்.

மதுரையில் படித்த மாதங்களில் ஒரே பயம் என்னை அரித்தது. மாமியார் வருஷா வருஷம் தன் அட்டையை அடுக்களைச் சுவரில் கஞ்சிப் பசையால் ஒட்டி, வருகிற போகிறவர்களையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்பார். யாராவது ஒருவர் வாய்விட்டுப் படித்தால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். ஈஸ்டர் லீவுக்கு வந்ததும் பையைக்கூட இறக்காமல் அடுக்களைக்குப் போனேன்.

பழைய அட்டைகளெல்லாம் எழுத்து தெரிய வரிசையாக இருந்தன. புது அட்டை மட்டும் எழுத்துப் பக்கம் சுவரோடு ஒட்டி, ரோஜாப்பூ வெளியே தெரிய இருந்தது.

"இத ஏன் அத்தை திருப்பி ஒட்டியிருக்கீக?"

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "பூ நல்லாருக்குல்ல" என்றார்.

முந்தின வருஷத்து அட்டைகளிலும் பின்பக்கம் அதே ரோஜாதான்.