கிழிந்த காதும் கெளுத்தி முள்ளும்

என் காதைக் கிழித்தது நண்டு வலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஊரில் வேறு கதை ஓடியது.

எங்கள் ஊர் உப்புத்தண்ணீர் ஏரிக்கரையில் நானும் என் வீட்டுக்காரரும் வலையில் சிக்கிய நண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தோம். வலையின் பாதி என் தோள்மேல் கிடந்தது. நைலான் கண்ணி ஒன்று என் கம்மலில் மாட்டியதை இருவருமே பார்க்கவில்லை. அவர் அந்தப் பக்கத்திலிருந்து வேகமாக ஓர் இழுப்பு இழுத்தார். இடது காது மடல் இரண்டாகப் பிளந்தது. வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் காதைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கு நண்டுகளில் பாதி தப்பித்துத் தண்ணீருக்குள் போய்விட்டன. அவற்றுக்கு நல்ல நாள்.

ரத்தம் நின்றது, வலி போனது, பிளந்த மடல் மட்டும் ஒட்டவில்லை. ஒரு பெண்ணின் காது கிழிந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றும்: புருஷன் குடித்துவிட்டு வந்து கம்மலைப் பிடுங்கியிருக்கிறான். என் வீட்டுக்காரர் டீயைத் தவிர வேறெதுவும் குடிக்காதவர். அதுவும் சர்க்கரை தூக்கலாக. ஆனால் யாரிடம் போய் இதைச் சொல்வது? மகளின் மாமியார் ஒருநாள் வீட்டுக்கு வந்தவர், என் காதைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு அடுப்படிக்கு வந்து மெல்லக் கேட்டார்: "அண்ணனுக்குக் கோவம் ஜாஸ்தியா?"

வலைக் கதையைச் சொன்னேன். "ஓகோ" என்றார். அந்த "ஓகோ"வில் நம்பிக்கை ஒரு சொட்டுக்கூட இல்லை. மகளின் வளைகாப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் ஜனம் மொத்தமும் வரும். அதற்குள் காதைத் தைத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது மண்டைக்குள் இருந்தது.

பொன்னேரியில் ரயில் ஏறிச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர். பொறுமையாகச் சொன்னார். காதில் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள், முழித்துக்கொண்டுதான் இருப்பேன், கத்தரி சத்தம்கூடக் கேட்கும். தையல் பிரிக்கும்வரை ஏரித் தண்ணீர் படக்கூடாது. புதிதாகத் துளை போடுவதென்றால் சில மாதம் கழித்துத்தான், அதுவும் தைத்த கோட்டின்மேல் இல்லாமல். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை உண்டா என்றெல்லாம் கேட்டார். கடைசியாக, "இதுக்கு முன்னாடி எங்கயாவது காயம் பட்டு, தழும்பு தடிச்சுப் பெருசா வளர்ந்திருக்கா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன், யோசிக்காமல். பொய் சொல்லவில்லை. கத்தி பட்டால் காயம். சைக்கிளிலிருந்து விழுந்தால் காயம். மீன் குத்தினால் எங்கள் ஊரில் அதைக் காயத்தில் சேர்ப்பதில்லை, அது வேலையில் ஒரு பகுதி. மழையில் நனைந்ததைப் போய் யாராவது டாக்டரிடம் கணக்குச் சொல்வார்களா?

ஆபரேஷன் நாளன்று தலைக்குத் தொப்பியெல்லாம் மாட்டி என்னை உட்காரவைத்திருந்தார்கள். வாசலில் நின்ற என் வீட்டுக்காரரிடம், "சின்ன வேலைதான், பயப்படாதீங்க" என்று டாக்டரம்மா சொல்லப் போனார். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"டாக்டரம்மா, இவ தோள்ல கெளுத்தி குத்துனது கொட்டப்பாக்காட்டம் வளந்து நிக்குதே, அத்தப் பாத்தீங்களா?"

நான் அவரை முறைத்தேன். டாக்டரம்மா வந்து என் தோள்பக்கத் துணியை ஒதுக்கிப் பார்த்தார். எப்போதோ தலைக்கூடை சரிந்தபோது கெளுத்தியின் முள் ஏறிய இடம். முள் போன ஓட்டை கடுகளவுதான். தழும்பு மட்டும் பளபளவென்று மேலே மேலே வளர்ந்திருந்தது. அதை விரலால் தடவிவிட்டு, காதின் கிழிந்த ஓரத்தையும் தடவினார்.

"இங்க அரிக்குமா?"

"அரிக்கும். உப்புத் தண்ணியாலதான்."

"உப்புத் தண்ணி இல்லம்மா" என்றவர், கையுறையைக் கழற்றிவிட்டார். அன்றைக்குத் தைக்கவில்லை.

சிலர் உடம்புக்குக் காயத்தை ஆற்றத் தெரியும், ஆற்றியதும் நிறுத்தத் தெரியாது என்றார். தைத்த இடத்தில் மடலைவிடப் பெரிய கட்டி வளரலாம். அதை வெட்டினால் இன்னும் பெரிதாக வரலாம். சின்ன வயதில் காது குத்தியபோது ஒன்றும் ஆகாததை நம்பி இப்போது துணியக்கூடாது. செய்யவே முடியாது என்பதில்லை. தழும்பில் ஊசி போட வேண்டும், மடலை அழுத்திவைக்க ஒரு கிளிப் மாட்ட வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும், அப்படியும் உத்தரவாதம் கிடையாது. இனிமேல் அந்தக் காதில் துளையே வேண்டாம். "எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நிதானமா முடிவு பண்ணுங்க" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ரயிலில் என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. பஸ்ஸிலும் பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும், "வாய வச்சிக்கினு சும்மா இருக்க முடியாதா?" என்றேன். அவர் வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வளைகாப்புக்குக் கிழிந்த காதோடுதான் போனேன். நினைத்ததுதான் நடந்தது. அவர் சாம்பார் வாளியோடு வரிசையில் வந்தபோது, குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அவர் அவர்கள் இலையில் தாராளமாக ஊற்றிவிட்டு நகர்ந்தார்.

பேரப்பிள்ளை பிறந்த பிறகு, டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதித்துத் தைத்துக்கொண்டேன். ஊசி உயிரைத்தான் எடுத்தது. ஒருக்களித்து வலது பக்கமே படுத்தேன். போகச் சொல்லும்வரை ஏரியில் கால் வைக்கவில்லை. இப்போது மடல் முழுசாக இருக்கிறது, நடுவில் மெல்லிய கோடு. இதுவரை கட்டி வரவில்லை. "இதுவரை" என்றுதான் டாக்டரம்மாவும் சொல்கிறார். கேள்வி கேட்டதற்கும், பதில் மாறியதும் கையுறையைக் கழற்றியதற்கும் அவருக்கு நான் கடன்பட்டவள்.

ஒருமுறை அவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது, பஸ் திருப்பாலைவனம் தாண்டியதும் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏன்யா, அன்னிக்கு நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா காதத் தச்சிருப்பாங்க. வளைகாப்புல உன் பேரும் தப்பிச்சிருக்கும். உன்னத்தான் பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மே" என்றார். "அவங்க பேசுனா எனக்கு ரெண்டு நாளு. கட்டி வந்தா உனக்குக் காலத்துக்கும்."

பஸ்ஸில் அத்தனை பேர் இருக்க, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.