பின்னறைச் சுவர்

குழந்தை ஆறு நாள் இருந்தது. பத்தாம் நாள் நான் எங்கள் ஊர்த் தொழிற்பேட்டையான மேட்டுப்பாளையத்துக்கு வேலைக்குப் போய்விட்டேன். பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி. மூடிகளைக் கையில் உருட்டிப் பார்த்து நல்லதையும் சொத்தையையும் பிரிப்பது என் வேலை. அன்றைக்கும் சரியாகவே பிரித்தேன். அழுகை இப்போது வரும், அப்போது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பசிதான் வந்தது, சாப்பிட்டேன். "கல்லு மாதிரி இருக்கான்டா" என்று கேன்டீனில் எவனோ என் காதுபடவே சொன்னான். கோபம்கூட வரவில்லை.

என் மனைவி வீராம்பட்டினத்தில் தாய்வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வந்தவள் நேராகப் பின்னறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். அரிசி மூட்டையும் ஓடாத ஃபேனும் ஒரு கட்டிலும் கிடக்கிற அறை. குளிக்க, கொள்ள எழுந்து வருவாள், மறுபடி போய்ப் படுப்பாள். பேச்சு நின்றே போனது. "சாப்ட்டியா?" என்று கேட்டால் தலை மட்டும் அசையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் அவளுக்குப் பிடித்த சங்கரா மீன் வாங்கி வந்து நானே குழம்பு வைத்தேன். அவள் தொடவில்லை. நானும் உப்பு உறைப்பு தெரியாமல்தான் தின்றேன். இப்படியே விட்டால் அவள் எனக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று தெரிந்தது. தெரிந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாமியார் நடக்கச் சொன்னார். "காத்தாட நடந்தா மனசு லேசாவும் மாப்ள" என்றார். பீச் ரோட்டில் நடந்தேன். பத்தடிக்கு ஒரு தெரிந்த முகம். "சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்பார் ஒருவர். "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்பார் இன்னொருவர். எந்த நல்லதுக்கு என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றியது. நான்காம் நாள் திரும்பி வருகிற வழியில் டென்னிஸ் மைதானத்தைப் பார்த்தேன். கம்பி வலைக்கு உள்ளே இருந்த யாரும் எனக்குத் தெரிந்தவர் இல்லை. அது போதுமாக இருந்தது. டென்னிஸ் மேல் அதற்கு முன் எனக்கு ஒரு ஈடுபாடும் கிடையாது.

பயிற்சியாளர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். காலை ஆறு மணி வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மாஸ்டர் எனக்குத் தன் பழைய மட்டை ஒன்றைக் கொடுத்தார்.

"கை குலுக்கற மாதிரி புடிங்க சார். பக்கவாட்டுல நில்லுங்க. பந்து வர்றதுக்கு முன்னாடியே மட்டைய பின்னால கொண்டு போயிடணும். அப்புறம் பந்த மட்டும் பாருங்க."

அவர் வாளியிலிருந்து பந்துகளை ஒவ்வொன்றாகப் போட்டார். நான் அடித்த முதல் பந்து வலையைத் தாண்டி, கம்பி வேலியையும் தாண்டி ரோட்டில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான் போனது. "சார், பந்த அடிக்கிறீங்களா, அறையிறீங்களா?" என்றார். மட்டையில் நரம்பு தளர்ந்திருக்கிறது என்றேன். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். மாஸ்டர் அதே மட்டையை வாங்கி, கோட்டின் மேல் வரிசையாக ஐந்து பந்து விழுகிற மாதிரி அடித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் வரிசையில் நின்ற ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, "அங்கிள், முட்டிய மடிக்கவே மாட்றீங்க" என்றாள். மடித்தேன். பந்து முதல் முறையாக உள்ளே விழுந்தது. அவளுக்கு வந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை.

ஒரு மாதம் போயும் என்னால் நான்கு பந்துக்கு மேல் தொடர்ந்து அடிக்க முடியவில்லை. மாஸ்டர் சொன்னார்: "இங்க ஒரு மணி நேரம் பத்தாது சார். வூட்டாண்ட செவுரு இருந்தா தெனமும் அடிங்க. செவுரு தப்பே பண்ணாது, பந்த திருப்பிக் குடுத்துகினே இருக்கும். எத்தினின்னு எண்ணுங்க." முடி உதிர்ந்த பழைய பந்துகள் மூன்றும் தந்தார்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் சிமென்ட் போட்ட இடம் கொஞ்சம் உண்டு. அங்கே பந்து அடிக்கத் தோதான சுவர் ஒன்றே ஒன்று, பின்னறையின் வெளிச்சுவர். உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதற்கு உள்ளே என் மனைவி படுத்திருந்தாள். வேறு இடம் இல்லாததால்தான் அங்கே அடித்தேன் என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுப் பொய் இல்லை. ஆனால் அவளைத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை இருந்தது. எழுந்து வந்து, "சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை திட்டினாலும் போதும், அது பேச்சுதானே.

அவள் திட்டவில்லை. வேலை முடிந்து வந்து தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆரம்பிப்பேன். டொக், தரையில் ஒரு தட்டு, மறுபடி டொக். ஏழு. பதினொன்று. மழை வந்த இரண்டு நாள் விட்டுவிட்டு, அடுத்த நாள் மறுபடி ஏழு. தோளைத் தாண்டி மட்டையை முழுதாக வீசப் பழகிய பிறகு பத்தொன்பது. மெதுவாக அடித்தால் பந்து மெதுவாகவே திரும்பும் என்கிற சின்ன விஷயம் என் மண்டையில் ஏற மூன்று வாரம் ஆனது. அது ஏறிய பிறகு முப்பது தாண்டியது. காலையில் மைதானத்தில் மாஸ்டர், "யார்ரா இவரு, ஆளே மாறிட்டாரு" என்று பிள்ளைகளிடம் கேலி செய்தார். சுவரில் வட்டம் வட்டமாகப் பந்தின் அழுக்கு படிந்தது. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குக் காது கேட்கிறதா என்றுகூட ஒரு நாள் எரிச்சலாக நினைத்தேன். நினைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தேன், அப்போது நான் அப்படித்தான் இருந்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வது. ஒரு சாயங்காலம் நாற்பதைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தபோது அவர் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"தம்பி, மோட்டார் போட்டுட்டு மறந்துட்டியா? டேங்க் ரொம்பி வழியுது பாரு!"

திரும்பினேன். பந்து என்னைக் கடந்து துளசித் தொட்டியில் போய் இடித்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தேன். எண்ணிக்கை மறந்துபோயிருந்தது. அதுவரை என்னுடைய அதிகபட்சம் நாற்பத்து நான்கு. "சே, எத்தினின்னு தெரியலையே" என்று எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னேன்.

"நாப்பத்தாறு."

ஜன்னலிலிருந்து வந்த குரல். அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்திருந்தது.

ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். "எண்ணிக்கிட்டு இருந்தியா?"

"தெனமும்தான் எண்ணுறேன்."

"தொந்தரவா இருந்தா சொல்லியிருக்கலாமே."

அவள் மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஆஸ்பத்திரியில பாப்பா மூச்ச எண்ணிக்கிட்டே இருப்பேன். கண்ணாடிப் பொட்டிக்குள்ள அது நெஞ்சு ஏறி எறங்கறத. ஆறு நாளும் எண்ணினேன். ஏழாம் நாளு விடியக்காலம் எண்ணிக்கிட்டு இருக்கசொல்லவே நின்னுடிச்சு. நானும் அடுத்தது வரும், வரும்னு பார்த்துகினே இருந்தேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த விடியற்காலம் நான் ஆஸ்பத்திரிக்குக் கீழே டீ குடிக்கப் போயிருந்தேன்.

"இங்கயும் நிக்குது. ஏழுல நிக்குது, பதினொண்ணுல நிக்குது. ஆனா நீங்க போயி பந்த எடுத்துக்கினு வர்றீங்க. மறுபடி வருது."

சொல்தா இன்னும் மதிலுக்கு மேல் தலையை நீட்டியபடி நின்றிருந்தார். அவருக்கு எவ்வளவு கேட்டதோ, தலையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"நிக்காதீங்க, அடிங்க" என்றாள்.

துளசித் தொட்டியின் அடியிலிருந்து பந்தை எடுத்து வந்தேன். பக்கவாட்டில் நின்றேன், முட்டியை மடித்தேன். அடித்தேன்.

"ஒண்ணு" என்றது ஜன்னல்.

"ரெண்டு."

மூன்றாவது பந்து என் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் நாளிலிருந்து மாஸ்டர் சொல்கிற ஒரே பாடம் பந்தைப் பார் என்பதுதான், எனக்கோ எதிரே சுவர்கூடத் தெரியவில்லை. எல்லாம் கலங்கிக் கிடந்தது. மட்டை காற்றை வெட்டியது. பந்து எங்கோ பின்னால் உருண்டு போகிற சத்தம் கேட்டது. அத்தனை மாதம் வராத அழுகை, மட்டையும் கையுமாக நிற்கும்போது வந்தது.

அவள் கட்டிலை விட்டு இறங்குகிற சத்தம் கேட்டது. பின்கதவின் தாழ்ப்பாள் திறந்தது. வெயில் கண்ணில் பட்டுக் கூசக் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குனிந்து பந்தை எடுத்து வந்து என் கையில் வைத்தாள்.

"பரவால்ல, மொதல்லேர்ந்து அடிங்க" என்றாள்.